டூ நைட்ஸ்ல குதிரை ஜி5 வந்தா என்ன பண்றது? ஓப்பனிங்கையே மாத்தணுமா?

கோபிச்செட்டிபாளையத்துல இருந்து ஒரு அப்பா செஸ் பத்திக் கேட்டிருக்கார். பொண்ணு எட்டாவது படிக்குது, ஃபிடே (உலக செஸ் சங்கம்) ரேட்டிங் 1480. கருப்புல ஆடும்போது 1. இ4க்கு இ5, இத்தாலியன் (வெள்ளை மந்திரியை சி4ல வைக்கிற ஓப்பனிங்) வந்தா டூ நைட்ஸ் (கருப்பு ரெண்டு குதிரையையும் எடுத்து ஆடற பதில்). கோயமுத்தூர்ல ஒரு ரேட்டிங் போட்டியில ரெண்டு தடவை 4. குதிரை ஜி5 வந்து, ரெண்டும் தோல்வி. மொத கேம்ல 5வது மூவ்ல டி5 சிப்பாயைக் குதிரையால வெட்டி, ராஜா நடு போர்டுக்கு வந்து 19 மூவ்ல மேட். ரெண்டாவது கேம்ல 5...குதிரை ஏ5 (மூணு புள்ளி போட்டா கருப்போட மூவ்) ஆடியும், 9வது மூவ்ல யானை போச்சு. "காரோ-கானுக்கு (1. இ4க்கு சி6னு ஆடற வேற ஓப்பனிங்) மாறிடச் சொல்றாங்க, மாறட்டுமா?"ங்கறது கேள்வி.

மாற வேண்டியதில்லைங்கண்ணா. ரெண்டு கேம்லயும் பாப்பாவைக் கவுத்தது ஒரே நினைப்புதான்: போன சிப்பாய் உடனே திரும்பி வரணும், சும்மா நிக்கிற காயை வெட்டிடணும். டூ நைட்ஸ்ல இந்தக் கிளை அதுக்கு நேர் எதிர். கருப்பு ஒரு சிப்பாயை விட்டுக் கொடுத்துட்டு, அதுக்குப் பதிலா மூவ்களைச் சம்பாதிக்கிற ஓப்பனிங் இது. அந்தக் கணக்கு மனசுல ஏறிட்டா லைன் தானா ஞாபகம் இருக்கும். ஏறலைன்னா இருபது மூவ் மனப்பாடம் பண்ணினாலும் இருபத்தொண்ணாவது மூவ்ல அதே தப்புதான் வரும்.

போர்டை எடுத்து வெச்சுக்குங்க. 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. மந்திரி சி4 குதிரை எஃப்6 4. குதிரை ஜி5. எஃப்7 சிப்பாய்க்கு ராஜாவைத் தவிரக் காவல் இல்ல. மந்திரியும் குதிரையும் சேர்ந்து அதைக் குறி வைக்குது. குதிரை எஃப்7ல உக்காந்தா டி8 ராணிக்கும் எச்8 யானைக்கும் ஃபோர்க், அதாவது ரெண்டுக்கும் ஒரே நேரத்துல அடி. ஒரே காயை ரெண்டு தடவை நகர்த்தறது ஓப்பனிங் பாடத்துக்கு விரோதம்தான். ஜெர்மன் ஆட்டக்காரர் டாராஷ் இதைக் கத்துக்குட்டி மூவ்னே ஒதுக்கினார். ஆனா இன்னிக்கு வரைக்கும் உச்சத்துல இருக்கறவங்களும் ஆடறாங்க, ஏன்னா கருப்பு ஒரு சிப்பாயை இழந்தே ஆகணும்.

4...டி5தான் முறையான பதில், மந்திரியோட கோட்டை அடைக்குது. 4...குதிரை இ4ல வெட்டினா 5. மந்திரி எஃப்7ல வெட்டி செக், ராஜா இ7, கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவ்ல மாத்தி ராஜாவைப் பத்திரமா ஒதுக்கறது) அத்தோட முடிஞ்சுது. 4...மந்திரி சி5ங்கற டிராக்ஸ்லர் வீடியோக்கள்ல பிரமாதமா இருக்கும். வெள்ளை ஆசைப்பட்டுக் குதிரையால எஃப்7ல வெட்டினா 5...மந்திரி எஃப்2ல வெட்டி செக்னு ரகளை ஆரம்பிச்சுடும். ஆனா விஷயம் தெரிஞ்ச பையன் 5. மந்திரியால எஃப்7ல வெட்டி செக் கொடுப்பான். ராஜா இ7, 6. மந்திரி பி3. ஒரு சிப்பாய் மேல, கருப்புக்குக் கேஸ்லிங் இல்ல. பிளிட்ஸ்ல (சில நிமிஷ வேக ஆட்டத்துல) வேணா ஆடிக்கலாம், 90 நிமிஷ கேம்ல வேண்டாம்.

5. இ-சிப்பாயால டி5ல வெட்டு. இங்கதான் மொத கேம் போச்சு.

5...குதிரை டி5ல வெட்டறது பார்க்க நல்ல மூவ் மாதிரியே இருக்கும். சிப்பாய் சமம், குதிரை நடுவுல. ஆனா 6. குதிரை எஃப்7ல வெட்டு, ராஜா எஃப்7ல வெட்டு, 7. ராணி எஃப்3 செக். இதுதான் ஃப்ரைட் லிவர்ங்கற தாக்குதல். டி5 குதிரை சி4 மந்திரிக்கும் எஃப்7 ராஜாவுக்கும் நடுவுல பின் ஆகி (நகர்ந்தா பின்னால இருக்கிற காய் மாட்டிக்கும்) நிக்குது, ராணியும் அதைத் தொடுது. ராஜா ஜி8க்கு ஓடினா 8. மந்திரி டி5ல வெட்டி செக். மந்திரி இ6ல குறுக்க வந்தா 9. மந்திரி இ6ல வெட்டி மேட், ராணியால வெட்டினா 9. ராணி டி5ல வெட்டி செக், மந்திரி இ6, 10. ராணி இ6ல வெட்டி மேட். ராஜா இ8க்குப் போனா 8. மந்திரி டி5ல வெட்டினதும் எஃப்7ல மேட் மிரட்டல். குதிரையைக் காப்பாத்தணும்னா 7...ராஜா இ6 மட்டும்தான் வழி, அதனாலதான் ராஜா நடு போர்டுல நின்னு அடி வாங்குது. 8. குதிரை சி3 வந்ததும் டி5ல மூணு காய் குவியுது. கருப்பு சி6 குதிரையை பி4க்கோ இ7க்கோ இறக்கி முட்டுக் கொடுக்கணும், வெள்ளை டி4 போட்டு இ-ஃபைலை (இ எழுத்து நெடுக்கு வரிசையை) திறக்கும்.

இது புதுசு ஒண்ணும் இல்ல. இத்தாலிக்காரர் பொலேரியோ பேர்ல இருக்கிற சுமார் 400 வருஷத்துப் பழைய கேம் ஒண்ணு இதே வழியில 21 மூவ்ல முடியுது: 8...குதிரை இ7 9. டி4 சி6 10. மந்திரி ஜி5 எச்6 11. மந்திரி இ7ல வெட்டு, மந்திரி இ7ல வெட்டு, 12. வெள்ளை ராணிப் பக்கம் கேஸ்லிங். அங்க நிறுத்திப் பாருங்க. எச்1 யானையைத் தவிர வெள்ளையோட எல்லாக் காயும் விளையாடுது, கருப்பு ராஜா இன்னும் இ6ல. எஞ்சினை (செஸ் கம்ப்யூட்டர் புரோகிராமை) ஓட விட்டா எட்டாவது மூவ்ல கருப்பு தாக்குப் பிடிக்கிற வழி சிலது காட்டும், அதைப் பார்த்துட்டு "ஆடலாம்போல இருக்கே"ன்னு ஏமாறாதீங்க. அதே 6வது மூவ்ல குதிரையைப் பலி கொடுக்காம 6. டி4 ஆடினாலும் வெள்ளைக்கு ரொம்ப நல்ல பொசிஷன். ரெண்டு பக்கமும் அடி. 5...குதிரை டி5 வெட்டை ஒரேயடியா மறந்துடறது நல்லது.

அடுத்தது சரியான வழி, ரெண்டாவது கேம் போன வழி. 5...குதிரை ஏ5. மந்திரியைத் தொடுது. 6. மந்திரி பி5 செக், சி6, 7. டி-சிப்பாயால சி6ல வெட்டு, பி-சிப்பாயால சி6ல வெட்டு. இப்ப வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூட. பி5 மந்திரியும் ஜி5 குதிரையும் அந்தரத்துல நிக்குது. 8வது மூவ்ல வெள்ளைக்கு முக்கியமா மூணு தேர்வு: ராணி எஃப்3, மந்திரி இ2, மந்திரி டி3. மூணுக்கும் பதில் வேற வேற. பாப்பாவுக்குக் கோச்சிங்ல மந்திரி இ2 மட்டும் சொல்லிக் கொடுத்திருப்பாங்கன்னு ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தாலே தெரியுது.

8. ராணி எஃப்3 பசங்க போட்டிகள்ல அடிக்கடி வரும். கருப்பு அவசரப்பட்டு சி-சிப்பாயால பி5 மந்திரியை வெட்டினா 9. ராணி ஏ8 யானையை வெட்டிடும். மந்திரிக்கு யானை, ஏற்கெனவே ஒரு சிப்பாய் கம்மி. கணக்கு எங்க தப்புதுன்னா, சி6 சிப்பாய் ரெண்டு வேலை பாக்குது: ராஜாவுக்கு வர்ற செக்கைத் தடுக்குது, எஃப்3ல இருந்து ஏ8 வரைக்கும் போற நீளக் கோட்டையும் அடைக்குது. அது நகர்ந்த நிமிஷம் ஏ8 திறந்துடும்.

சரியான பதில் ரெண்டு. பாப்பாவுக்கு நான் சொல்றது 8...மந்திரி இ7. வெள்ளை ஆசைப்பட்டு 9. மந்திரி சி6ல வெட்டி செக், குதிரை சி6ல வெட்டு, 10. ராணி சி6ல வெட்டி செக்னு போனா, 10...மந்திரி டி7. இதை நல்லா மனசுல பதிய வைங்க: டி7க்கு மந்திரிதான் வரணும், குதிரை வரக் கூடாது. மந்திரி நகர்ந்தா சி8 காலியாகி, டி8 ராணி ஏ8 யானையைப் பின்னால இருந்து காக்கும். வெள்ளை ராணிக்கும் அடி விழும். குதிரை வந்தா சி8 மந்திரி குறுக்கயே நிக்கும், ராணி நிதானமா ஏ8 யானையை எடுத்துக்கும். மந்திரி டி7க்கு அப்புறம் வெள்ளைக்கு ரெண்டு சிப்பாய் கூட இருக்கும், ஆனா ராணியை மறுபடி நகர்த்தணும். ராணிப் பக்கம் ஒரு காய்கூட வெளிய வரலை. கருப்பு கேஸ்லிங் முடிச்சு, யானைகளை பி, சி, இ ஃபைல்கள்ல வெச்சு விரட்டலாம்.

இன்னொரு பதில் 8...யானை பி8. இங்க 9. மந்திரி சி6ல வெட்டி செக், குதிரை வெட்டு, 10. ராணி வெட்டி செக்னா 10...குதிரை டி7 சரி. யானை ஏற்கெனவே ஏ8ல இல்ல, எஃப்6 காலியானதும் டி8 ராணி ஜி5 குதிரையைத் தொடுது, அடுத்து மந்திரி இ7, யானை பி6. ஒரே மாதிரி தெரியற ரெண்டு பொசிஷன்ல பதில் தலைகீழா மாறுது பாருங்க. ரெண்டையும் கத்துக்கிட்டா குழப்பம் வரும், அதனாலதான் மந்திரி இ7 ஒண்ணை மட்டும் வெச்சுக்கச் சொல்றேன்.

8. மந்திரி டி3 கொஞ்சம் அசிங்கமான மூவ், சொந்த டி-சிப்பாயையே அடைக்குது. ஆனா இதுலயும் விஷயம் இருக்கு: எச்6 வந்தா ஜி5 குதிரை பின்வாங்காம இ4க்குப் போய் உக்காந்துக்கும். அதனால எச்6 அவசரம் வேண்டாம், 8...குதிரை டி5 ஆடுங்க. எஃப்6 காலியாகி ராணி ஜி5 குதிரையைப் பிடிக்குது, டி5 குதிரை எஃப்4க்குக் குறி வைக்குது. 9. குதிரை எஃப்3 மந்திரி டி6 10. கேஸ்லிங் குதிரை எஃப்4 11. யானை இ1 குதிரை டி3ல வெட்டு, 12. சி-சிப்பாய் வெட்டு. கருப்புக்கு ரெண்டு மந்திரி, வெள்ளையோட டி-ஃபைல்ல ரெட்டைச் சிப்பாய். இந்த லைன் இதுக்கு மேல தேவையில்லைங்க.

8. மந்திரி இ2தான் பழைய மெயின் லைன். 8...எச்6 9. குதிரை எஃப்3 இ4 10. குதிரை இ5 மந்திரி டி6 11. டி4. இங்க கருப்பு இ-சிப்பாயால டி3ல ஆன் பாசான் வெட்டு (ரெண்டு கட்டம் தாண்டி வந்த சிப்பாயைப் போற வழியிலயே பிடிக்கறது). அடுத்த மூவ் வரைக்கும் காத்திருந்தா அந்த உரிமை போயிடும், சின்னப் பசங்க மறக்கற இடம் இது. 12. குதிரை டி3ல வெட்டு, ராணி சி7.

இந்தப் பொசிஷன்ல ஒரு தடவை எண்ணிப் பாருங்க. வெள்ளை ஆடின 12 மூவ்ல 5 மூவை ஒரே குதிரை தின்னுடுச்சு: எஃப்3, ஜி5, மறுபடி எஃப்3, இ5, டி3. மந்திரி 3 மூவ்: சி4, பி5, இ2. மீதி 4 சிப்பாய் மூவ். வெளிய வந்த காய் ரெண்டே ரெண்டு. கருப்புக்கு ரெண்டு குதிரை, மந்திரி, ராணின்னு நாலு காய் வெளிய. மந்திரியும் ராணியும் எச்2வை ஒரே கோட்டுல பாக்குது, வெள்ளை யோசிக்காம கேஸ்லிங் போட்டா எச்2 சிப்பாய் செக்கோட போயிடும். சிப்பாய் கணக்கு 6க்கு 5. கருப்போட ஏ7, சி6 ரெண்டும் தனிச் சிப்பாய்கள், பக்கத்து வரிசையில துணைச் சிப்பாய் இல்ல.

அந்தத் தனிச் சிப்பாய்களாலதான் இந்த லைன்ல காலம் கருப்புக்கு எதிரி. கீழ்பவானி வாய்க்கால்ல முறைத் தண்ணி வந்தா அந்த முறைக்குள்ள வயலுக்குப் பாய்ச்சிடணும். கருப்போட டெவலப்மென்ட் லீடும் (காய்களை முன்னாடியே வெளிய எடுத்த முன்னிலையும்) அதே கதைதான். வெள்ளை எச்3, கேஸ்லிங், குதிரை டி2, பி3, மந்திரி பி2ன்னு நாலஞ்சு மூவ் நிம்மதியா ஆடிட்டா லீடு தீர்ந்துபோகும், ஒரு சிப்பாய் கம்மிங்கறது மட்டும் மிஞ்சும். அதனால கருப்பு பண்ண வேண்டியது: கேஸ்லிங், சி8 மந்திரியை எஃப்5க்கு, யானைகள் டி8லயும் இ8லயும், சி5 தள்ளு. பண்ணக் கூடாதது: ராணியை மாத்திக்கறது. வெள்ளைக் குதிரை எஃப்3க்கு வந்தா அதைப் பின் பண்றோம்னு ஜி4க்கு மந்திரியைக் கொண்டுபோய், எச்3 வந்ததும் வெட்டிக் கொடுக்கறதும் வேண்டாம். மாத்தற ஒவ்வொரு ஜோடிக் காயும் வெள்ளையை எண்ட்கேமுக்கு (காய் குறைஞ்ச கடைசிக் கட்டத்துக்கு) பக்கத்துல கொண்டுபோகும், அங்க ஏ7, சி6 ரெண்டும் பாரம்.

இந்த ஓப்பனிங்ல எல்லாரும் தடுமாறற காய் ஏ5 குதிரை. மந்திரியைத் தொட்டு வேலையை முடிச்சுட்டு ஓரமா உக்காந்திருக்கும். நிறைய பேர் 25வது மூவ் வரைக்கும் அதை அங்கயே விட்டுட்டு, அப்புறம் ஒரு காய் கம்மியா ஆடற மாதிரி திணறுவாங்க. அது திரும்பற வழி சி5 போட்ட பிறகு சி6, அங்கிருந்து டி4. இல்லைன்னா சி4.

முழு கேம் ஒண்ணைப் பாத்தா இது எல்லாம் ஒண்ணா விளங்கும். 1963/64 அமெரிக்க சாம்பியன்ஷிப், வெள்ளை பாபி ஃபிஷர், கருப்பு ஆர்தர் பிஸ்கயர். அந்தப் போட்டியில ஃபிஷர் 11க்கு 11 எடுத்தார். 8. மந்திரி இ2 எச்6 வரைக்கும் மேல சொன்னதேதான். 9வது மூவ்ல குதிரையை எஃப்3க்கு இல்லாம எச்3க்குக் கொண்டுபோனார். முதல் உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸ் 19ஆம் நூற்றாண்டுல ஆடின மூவ், ரொம்ப நாளா யாரும் சீந்தாம கிடந்தது. கணக்கு எளிமை: எஃப்3 போனா இ4 வந்து மறுபடி விரட்டும், எச்3ல நின்னா விரட்ட ஆள் இல்ல. கருப்பு மந்திரியால வெட்டினா ஜி-சிப்பாய் வெட்டி ராஜா பக்கம் பிஞ்சுபோகும், ஆனா வெள்ளைக்கு ரெண்டு மந்திரியும் மிஞ்சும்.

9...மந்திரி சி5 10. கேஸ்லிங் கேஸ்லிங் 11. டி3 மந்திரி எச்3ல வெட்டு, 12. ஜி-சிப்பாய் வெட்டு, ராணி டி7 13. மந்திரி எஃப்3 ராணி எச்3ல வெட்டு. இப்ப சிப்பாய் எண்ணுங்க: ரெண்டு பக்கமும் 6. கருப்பு கொடுத்த சிப்பாய் 13வது மூவ்லயே திரும்பி வந்தாச்சு! பாப்பா கேட்டது இதுதானே? ஆனா விலை என்னன்னு பாருங்க. வெள்ளைக்கு ரெண்டு மந்திரி, எஃப்3 மந்திரி எஃப்3-ஏ8 கோடு முழுக்க ஆளுது. கருப்போட ராணி ரெண்டு மூவைச் சிப்பாய்க்குச் செலவழிச்சுட்டு, 15. மந்திரி ஜி2 வந்ததும் எஃப்5க்கு ஓடுது. டெவலப்மென்ட் லீடு எங்கன்னு தேடணும்.

14. குதிரை டி2 ஏ8-யானை டி8 15. மந்திரி ஜி2 ராணி எஃப்5 16. ராணி இ1 எஃப்8-யானை இ8 17. குதிரை இ4 மந்திரி பி6 18. குதிரை எஃப்6ல வெட்டி செக், ராணி வெட்டு, 19. ராஜா எச்1 சி5 20. ராணி சி3 குதிரை சி6 21. எஃப்4 குதிரை டி4. ஏ5 குதிரை சி6 வழியா டி4க்கு வந்துடுச்சு, மேல சொன்ன அதே பாதை. இந்த அளவுல கருப்பு ஒண்ணும் மோசமில்ல. 22. ராணி சி4 ராணி ஜி6 23. சி3 குதிரை எஃப்5 24. எஃப்-சிப்பாயால இ5ல வெட்டு, யானை வெட்டு, 25. மந்திரி எஃப்4 யானை இ2 26. மந்திரி இ4.

இங்க கருப்பு ரெண்டாவது தடவையா சிப்பாய்க்கு ஆசைப்படுது: 26...யானை பி2ல வெட்டு. ஃபிஷர் பதில் 27. மந்திரி இ5. போர்டுல அந்த இடத்தை நிதானமா பாருங்க. எஃப்5 குதிரை இ4 மந்திரிக்கும் ஜி6 ராணிக்கும் நடுவுல பின். அதுக்குக் காவல் ராணி ஒண்ணே ஒண்ணு. எஃப்4ல நின்ன மந்திரி இ5க்கு நகர்ந்ததும் எஃப்1 யானையோட பாதை திறந்து, எஃப்5க்கு ரெண்டாவது அடி. குதிரை நகர்ந்தா ராணி போகும், நின்னா குதிரை போகும். 27...யானை இ8 28. யானை எஃப்5ல வெட்டு, யானை இ5ல வெட்டு, 29. யானை இ5ல வெட்டு. கருப்பு கையைக் கொடுத்துடுச்சு.

காரோ-கான் பத்தி ரெண்டு வார்த்தை. அருமையான ஓப்பனிங்தான், ஆனா அங்க போனா பொறி இல்லைன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1. இ4 சி6 2. டி4 டி5 3. குதிரை சி3 டி-சிப்பாய் இ4ல வெட்டு 4. குதிரை வெட்டு, குதிரை டி7 5. ராணி இ2. இங்க அசந்து ஜி8 குதிரையை எஃப்6க்கு எடுத்தா 6. குதிரை டி6 மேட். இ7 சிப்பாய் பின், வெட்ட முடியாது. ஆறே மூவ். தோல்விக்குப் பயந்து மாறினா அங்க மொதத் தோல்வி வந்ததும் அடுத்ததுக்கு மாறுவீங்க. ஈரோட்டு இனியன் 2019ல கிராண்ட்மாஸ்டர் ஆனார், நம்ம வீட்டுப் பிள்ளை எப்பங்கற அவசரம் நம்ம பக்கம் நிறைய வீட்டுல இருக்கு, தெரியும். அதுக்காக மாசம் ஒரு ஓப்பனிங் மாத்தினா எதுலயும் வேர் பிடிக்காது.

பாப்பாவுக்குச் சிப்பாயைக் கொடுத்துட்டு ஆடற மனசே இல்லைன்னா, இ5ஐ விடாம மூணாவது மூவை மட்டும் மாத்தலாம்: 3...மந்திரி சி5. அப்ப 4. குதிரை ஜி5 ஆடினா ராணி நேரா ஜி5 குதிரையை வெட்டிடும், எஃப்6ல குதிரை இல்லாததால கோடு திறந்தே இருக்கு. வழக்கமா 4. சி3 குதிரை எஃப்6 5. டி3 டி6னு மெதுவான ஆட்டம் வரும். பொறுமையா ஆடற பிள்ளைக்கு இதுவே பொருத்தம். எந்த ரகம்னு முடிவு பண்ண வேண்டியது பிள்ளை, அப்பா இல்லைங்க.

டூ நைட்ஸ்லயே இருக்கறதா முடிவு பண்ணினா பயிற்சி இப்படி வைக்கலாம். 7...பி-சிப்பாய் சி6ல வெட்டின பொசிஷனை அடுக்கி வெச்சு, 15 நிமிஷம், மூவுக்கு 10 வினாடி கூடற கடிகாரத்துல ஆடணும். மூணு எட்டாவது மூவுக்கும் கருப்புல நாலு கேம், வெள்ளையில ரெண்டு கேம். வெள்ளையில ஆடறதை விட்டுடாதீங்க; எதிராளிக்கு எது வலிக்கும்னு அந்தப் பக்கம் உக்காந்தாத்தான் தெரியும். ஒவ்வொரு கேமும் முடிஞ்சதும் எஞ்சினைத் திறக்கறதுக்கு முன்னாடி, எந்த மூவ்ல லீடு தீர்ந்ததுன்னு பாப்பா ஸ்கோர் ஷீட்ல வட்டம் போடணும். அப்புறம் எஞ்சின். எஞ்சின் வெள்ளைக்குக் கொஞ்சம் மேலன்னு காட்டும், அதைப் பார்த்துச் சோர்ந்துட வேண்டாம். அந்தக் கொஞ்சத்தை 1500 ரேட்டிங்ல ஜெயிச்சுக் காட்ட ஆள் கம்மி.

போட்டியில கவனிக்க வேண்டியது சிலது. 90 நிமிஷம் கூட 30 வினாடி கேம்ல 12வது மூவ் வரைக்கும் பத்து, பன்னெண்டு நிமிஷத்துக்கு மேல செலவாகக் கூடாது, தெரிஞ்ச மூவ்தான். மிச்சத்தை 13ல இருந்து 20 வரைக்கும் வெச்சுக்கணும், இந்த ஓப்பனிங் முடிவாகறது அங்கதான். 30 வினாடி சேர்ற கேம்ல கடைசி வரைக்கும் மூவ் எழுதியே ஆகணும். மூவை ஆடறதுக்கு முன்னாடி எழுதவும் கூடாது, ஆர்பிட்டர் (நடுவர்) கண்டிப்பார். கேஸ்லிங் ஒரே கையால, ராஜாவை மொதல்ல தொட்டு. யானையை மொதல்ல தொட்டா அந்த மூவ்ல அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது, யானையைத்தான் நகர்த்தணும். தப்பான மூவ் ஆடிக் கடிகாரத்தை அமுக்கினா எதிராளிக்கு 2 நிமிஷம் கூடும், ரெண்டாவது தடவை கேமே போயிடும்.

ரேட்டிங் கணக்கும் சொல்லிடறேன். 18 வயசுக்குக் கீழ, 2300க்குக் கீழ இருந்தா கே எண் (ஒரு கேம்ல ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும்னு தீர்மானிக்கிற எண்) 40. சம ரேட்டிங் ஆள்கிட்ட தோத்தா 20 பாயிண்ட் போகும், ஜெயிச்சா 20 வரும். ரெண்டு தோல்வின்னா சுமார் 40. அடுத்த போட்டியில ரெண்டே கேம்ல திரும்பற தொகை, அதுக்காக ஓப்பனிங்கைத் தலைமுழுக வேண்டாம்.

இன்னொண்ணு. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்னு சனி ஞாயிறு போட்டிகள்ல அதே பசங்கதான் சுத்திச் சுத்தி வருவாங்க. பாப்பா டூ நைட்ஸ் ஆடும், ரெண்டு தடவை அடி வாங்கியிருக்குங்கறது இந்நேரம் பத்துப் பேருக்காவது தெரிஞ்சிருக்கும். அடுத்த போட்டியில 4. குதிரை ஜி5 நிச்சயம் வரும், அனேகமா 8. ராணி எஃப்3 கூட. ராத்திரி பேரிங் (யாரோட யார் ஆடறாங்கங்கற பட்டியல்) வந்ததும் புதுசா எதுவும் படிக்க வைக்காதீங்க. 8...மந்திரி இ7, 10...மந்திரி டி7, இது ரெண்டை மட்டும் போர்டுல ஒரு தடவை ஆடிப் பாத்துட்டுத் தூங்கச் சொல்லுங்க. யாராவது 6. மந்திரி பி5 செக்குக்குப் பதிலா 6. டி3 ஆடினா திகைக்க வேண்டாம்: 6...எச்6 7. குதிரை எஃப்3 இ4 8. ராணி இ2 குதிரை சி4ல வெட்டு, 9. டி-சிப்பாய் வெட்டு, மந்திரி சி5. இங்கயும் சிப்பாய் கம்மிதான், இங்கயும் சீக்கிரம் கேஸ்லிங் போட்டு, எஃப்3 குதிரையை இ4 சிப்பாயால துரத்தி ஆட வேண்டியதுதான்.